மனையியல் டிகிரியில உணர்வு நுண்ணறிவ பாடமா சேர்க்கச் சொல்லி கோரிக்கை மனு

மாண்புமிகு உயர்கல்வி அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல மனையியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ, அம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டித்தான் என்னை படிக்க வச்சாங்க.

ஒருதடவ படிவம் நாலு பிள்ளைங்கள குடும்ப பட்ஜெட் போட்டுட்டு வரச் சொன்னேன், ஒரு பிள்ள மட்டும் வருமானம்ங்கிற எடத்த காலியா விட்டுருந்துச்சு, சோம்பேறித்தனம்னு நெனச்சு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா காசு அனுப்புறத நிறுத்திட்டாரு, வீட்டுல அந்தப் பேச்ச எடுத்தாலே அம்மா அழுவாங்களாம். அந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ள என் கிளாஸ்ல வாயே தொறக்கல, என்னம்மான்னு கேட்டா "ஒண்ணுமில்ல டீச்சர்", அவ்ளோதான்.

டிகிரியில புரதம், கலோரி, தையல், செலவுக்கணக்கு எல்லாம் நல்லாவே சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா அந்த "ஒண்ணுமில்ல"வ கேட்டா பேசணுமா, பேசாம பக்கத்துல உக்காரணுமான்னு ஒரு மணி நேரம்கூட பாடம் இல்ல. 1899ல அமெரிக்காவுல நடந்த லேக் பிளாசிட் கூட்டத்துல இந்தத் துறைக்கு வழி போட்ட எலன் ரிச்சர்ட்ஸ் அம்மா ஒரு கெமிஸ்ட், அதனாலயோ என்னவோ சத்து, சுத்தம், சிக்கனம் மூணும் கெட்டியா இருக்கு, ஆனா அந்த சிக்கனத்துலதான் எங்க பக்கம் பாதி வீட்டுல சண்டையே ஆரம்பிக்குது, அத எப்படி சொல்லிக்கொடுக்குறது?

உணர்வு நுண்ணறிவுன்னா சாந்தமா சிரிச்சுக்கிட்டே இருக்கிறதுன்னு சிலர் நெனைக்கிறாங்க, அது இல்லீங்க. 1990ல சலோவே, மேயர்ங்கிற ரெண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் எழுதினது என்னன்னா, நம்ம உணர்ச்சியையும் அடுத்தவங்க உணர்ச்சியையும் கவனிச்சு, எது எதுன்னு பிரிச்சுப் பார்த்து, அத வச்சு யோசிச்சு நடந்துக்கிற திறமை. திறமைன்னா தையல் மாதிரி, கைய வச்சாத்தான் வரும்.

அதனால இத மனையியல் டிகிரியில கட்டாயப் பாடமா, கிரெடிட்டோட வைங்க. ஸ்லைடு போட்டு பரீட்சை வச்சு முடிச்சுடாதீங்க ஐயா, சம்பளம் பத்தாத வீடு, அப்பா தண்ணி போடுற வீடு, பாட்டி வளர்க்கிற பிள்ளன்னு எங்க தோட்டத்து நிலைமைகளையே எடுத்து மாணவர்கள் பேசி, நடிச்சுப் பழகட்டும், அதுக்கப்புறம் பிராக்டிகலுக்கு ஸ்கூலுக்கு அனுப்புங்க. 1922ல இருந்து ஆசிரியர்கள உருவாக்கிட்டு வர்ற தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துல மனையியல் ஆசிரியர் படிப்பு இருக்கு, அங்கயே ஆரம்பிக்கலாம்.

அடுத்த தடவ பாடத்திட்டத்த மறுபரிசீலனை பண்றப்ப கருத்து கேட்க கூப்பிடுங்க, லீவு போட்டுட்டு வர்றேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் மனையியல் டீச்சர்