ஆறு பவுண்டு துப்பாக்கி போதும்

அன்பு மகளுக்கு,

குலுக்கலில் உனக்குப் பெண் எல்க் (பெரிய மான்) வேட்டைக்கான டேக், அதாவது அனுமதிச் சீட்டு, விழுந்ததில் அப்பாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். கூடவே நீ அனுப்பிய துப்பாக்கிப் படத்தையும் பார்த்தேன். கார்பன் நார் சுற்றிய குழல், தோட்டாவை ஏற்றி இறக்கும் டைட்டானியம் ஆக்‌ஷன், ஐந்து பவுண்டுக்கும் குறைந்த எடை, அதுவும் 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கு. மலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்று கடைக்காரர் சொன்னாராம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாங்காதே. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேரன் போனைப் பிடுங்கிவிடுவான், அதனால்தான் எழுதுகிறேன்.

எடை குறைய வேண்டும் என்று நீ நினைத்ததில் தப்பே இல்லை. கொலராடோவில் நீ போகும் கன்னிசன் ஊரே கடல்மட்டத்திலிருந்து 7,700 அடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்டோபர் நடுவில் முதல் ரைஃபிள் சீசன் தொடங்கும்போது எல்க் அதற்கும் மேலே, பத்தாயிரம் அடிக்குப் பக்கத்தில், வெயில் படாத ஸ்ப்ரூஸ் மரக் காட்டுக்குள் நிற்கும். அங்கே ஏறி இறங்கும்போது துப்பாக்கி தோளில் தொங்குவதைவிடக் கையில் இருக்கும் நேரம்தான் அதிகம். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு அவுன்ஸும் தன் பெயரைச் சொல்லும்.

ஆனால் கடையில் சொல்லும் எடை வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், வார், உள்ளே நாலு தோட்டா எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைப் பவுண்டு ஏறிவிடும். அதனால் ஆறு பவுண்டுத் துப்பாக்கி காட்டில் ஏழரைப் பவுண்டு. உன் உடம்புக்கு அதுதான் சரியான இடம் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே இறக்க நினைத்தால் பணமும் போகும், குறியும் போகும்.

குறி எப்படிப் போகும் என்கிறாயா? சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் விடும் உதைதான் காரணம். ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கியில் போட்டால், எடை எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் உதையின் சக்தி கூடும். எட்டுப் பவுண்டிலிருந்து ஆறுக்கு இறங்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு அதிகம். துப்பாக்கி ஒன்றாகவே இருந்து தோட்டாவை மாற்றினால் வித்தியாசம் இன்னும் பெரியது. 7 எம்எம்-08 என்ற நடுத்தரத் தோட்டா உதைப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் 300 மேக்னம் உதைக்கும். இந்த இரண்டையும் சேர்த்து, ஐந்து பவுண்டு மேக்னமாக உன் தோளில் வைத்துப் பார். பத்து ரவுண்டு சுட்டதும் உனக்கே தெரியாமல் விசையைத் தொடும்போது கண்ணை மூட ஆரம்பிப்பாய். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவது பெரும்பாடு. ஸ்கோப் வந்து புருவத்தில் பிறை மாதிரி வெட்டுவது தனிக்கதை. இந்த ஊரில் அந்தத் தழும்போடு திரியும் ஆண்களை நிறையப் பார்க்கலாம். யாரைக் கேட்டாலும் கதவில் இடித்தது என்பார்கள்.

குழல் முனையில் பிரேக் என்ற துளைபோட்ட குழாயை மாட்டினால் உதை குறையும் என்று கடையில் சொல்வார்கள். குறையும், உண்மைதான். ஆனால் சத்தம் பக்கவாட்டில் அடிக்கும். எல்க் திடீரென்று எதிரே வரும்போது காதடைப்பான் போட நேரம் இருக்காது. உன் காது மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவரின் காதும் சேர்ந்து போகும். எனக்கு அது வேண்டாம்.

லேசான துப்பாக்கியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கையில் நிலையாக நிற்காது. மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போது நெஞ்சு அடிப்பதெல்லாம் குழல் முனையில் தெரியும். விசை கடினமாக இருந்தால் அதை இழுக்கும்போதே துப்பாக்கி நகர்ந்துவிடும். அதனால் விசையை இழுக்க வேண்டிய பலத்தை மூன்று பவுண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். நல்ல கம்பெனித் துப்பாக்கிகளில் திருகைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். மூன்று ரவுண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் குண்டுகள் சிதற ஆரம்பிக்கும். அது துப்பாக்கியின் குறை இல்லை. எல்க் மேல் நீ சுடப்போவது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு. வெவ்வேறு நாளில் அந்த முதல் குண்டு எங்கே போய் விழுகிறது என்பதை மட்டும் தாளில் குறித்து வா.

இனி எந்தத் துப்பாக்கி என்பது. ஃபின்லாந்தில் செய்யும் டிக்கா டி3எக்ஸ் லைட் ஆறு பவுண்டை ஒட்டி இருக்கும். ஆக்‌ஷன் வெண்ணெய் மாதிரி ஓடும், விசையும் அருமை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் நீ என் உயரம், கையும் என்னைப் போலக் குட்டை. விசைக்கும், தோளில் பதியும் பின்தட்டுக்கும் இடையே பதிமூன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால், குளிருக்கு ஜாக்கெட்டும் போட்ட பிறகு, கழுத்தை நீட்டிக்கொண்டுதான் ஸ்கோப்புக்குள் பார்க்க வேண்டியிருக்கும். ரூகர் அமெரிக்கன் காம்பாக்டில் அந்த நீளம் 12.5 அங்குலம்தான். குழல் 18 அங்குலம், எடை ஆறு பவுண்டுக்குப் பக்கம். தோளில் வைக்கும் கட்டை (ஸ்டாக்) பிளாஸ்டிக், பார்த்தால் ஆசையே வராது. இருந்தாலும் தோளில் வைத்ததும் கண் நேராக ஸ்கோப்புக்குள் போகும். இரண்டையும் தோளில் வைத்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, தோளில் பதித்து, பிறகு கண்ணைத் திற. எது தேடாமல் படத்தைக் காட்டுகிறதோ அதை எடு. ரூகராக இருந்தால் மிச்சமாகும் காசு தோட்டாவுக்கு ஆகும். ஸ்கோப்புக்கு 3-9x40, அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும் 40 மி.மீ. கண்ணாடி, போதும். அதற்குமேல் பெரிய கண்ணாடி போட்டால், துப்பாக்கியில் குறைத்த எடையை அங்கே கொண்டுபோய் வைத்தது போலாகும்.

காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது பற்றி நீ கேட்பாய். 7 எம்எம்-08 என்பதுதான் என் பதில். 308 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி ரெமிங்டன் 1980-இல் கொண்டுவந்தது. அதற்கு அண்ணன் என்று சொல்லத்தக்க 7x57 மவுசர் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. குண்டின் பருமன் ஒன்றேதான், வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் 270 என்ற தோட்டாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர். அவர் மனைவி எலினோர் அந்தப் பழைய 7x57-ஐ எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்கா வரை போய் வேட்டையாடினார். கணவரைவிட நன்றாகச் சுடுவார் என்று பேசிக்கொள்வார்கள். பெண் எல்க் ஐந்நூறு பவுண்டு இருக்கும், காளை எழுநூறு. இரண்டுக்கும் இந்தத் தோட்டா போதும், நீ சரியான இடத்தில் சுட்டால். சரியான இடத்தில் சுடாவிட்டால் 300 மேக்னமும் போதாது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். சின்ன ஊர்க் கடைகளில் 30-06, 308, 270, 6.5 கிரீட்மூர் எல்லாம் எப்போதும் இருக்கும், 7 எம்எம்-08 சில சமயம் இருக்காது. அது உனக்கு உறுத்தினால் 308 வாங்கு, உதை கொஞ்சம்தான் கூடும். நான் வருத்தப்பட மாட்டேன்.

துப்பாக்கியைவிட அதிக நேரம் யோசிக்க வேண்டியது குண்டைப் பற்றி, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோய்த் தைக்கும் பகுதியைப் பற்றி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 1946-இல் ஜான் நோஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். குண்டு தோளுக்குள் ஆழமாக இறங்காமல் மேலேயே உடைந்துபோனது. அவர் கையில் இருந்தது பலவீனமான துப்பாக்கி இல்லை, அதுவும் அந்தக் காலத்து 300 மேக்னம் ஒன்றுதான். அதற்கு அவர் பெரிய துப்பாக்கி தேடிப் போகவில்லை. நடுவில் செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும்படி ஒரு குண்டைச் செய்தார். அதுதான் பார்டிஷன். 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது, இன்றைக்கும் எல்க்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் உன் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறான், அதனால் நான் உனக்குச் சொல்வது முழுச்செம்புக் குண்டு. ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறும்போது கண்ணுக்கே தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியிருக்கும் கறியிலும் போய்ச் சேர்கின்றன. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கென்று தானமாக வந்த அரைத்த மான் கறியை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. கறியைத் தூக்கி எறியச் சொன்னார்கள். ஈயக் குண்டில் விழுந்த மான் கறியைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறையும் சொன்னது. நம் ஃப்ரீசரில் பாதிக் கறி அரைத்த கறிதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. கொலராடோவில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

செம்புக் குண்டை வேட்டைக்காரர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டது 1989-இல் பார்ன்ஸ் கம்பெனியின் எக்ஸ் குண்டு வந்த பிறகு. முனை நாலு இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியே போய்விடும். எடை குறையாததால் கனமான குண்டு தேவையில்லை, அதனால் உதையும் குறையும். லேசான துப்பாக்கிக்கும் செம்புக்கும் பொருத்தம் அமைவது இங்கேதான். பார்ன்ஸில் 120 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) கிடைக்கும், ஹார்னடி கம்பெனியில் 139 கிரெய்ன் சிஎக்ஸ் என்ற செம்புக் குண்டு. எல்க்குக்கு 139-ஐ முதலில் வாங்கிப் பார். உன் குழலுக்குப் பிடிக்கவில்லை என்றால் 120-க்குப் போ. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் கேட்கிறது, இரண்டுமே அதைத் தாண்டியவை.

செம்புக்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் இதழ் சரியாக விரியாது, ஊசி குத்தின துளையாகப் போய்விடும். 18 அங்குலக் குழலில், நீளக் குழலோடு பார்த்தால், ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 25 அடி வரை வேகம் குறையும் என்று வைத்துக்கொள். அதனால் உனக்கு 250 கஜம்தான் எல்லை. அதற்குமேல் என்றால் கிட்டே போ, இல்லை விட்டுவிடு. மரத்துக்குள் சுடப்போகும் உனக்கு நூறு கஜத்துக்குள்ளேயே வாய்ப்பு வரலாம். குறி வைக்க வேண்டியது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. எல்க் குண்டு பட்டும் ஒன்றும் ஆகாதது போல நிற்கும். உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, எல்க் விழும்வரை பார்த்துக்கொண்டே இரு.

சுடும் பயிற்சியில் மேசையை மறந்துவிடு. குறி சரிபார்க்க மட்டும் மேசை. மிச்சமெல்லாம் தரையில் உட்கார்ந்தும், முட்டி போட்டும், பையின் மேல் வைத்தும். எட்டு அங்குலப் பேப்பர் தட்டை மாட்டு. சரிவில் ஓடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து சுடு. எந்தத் தூரம் வரைக்கும் எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உன் தூரம், நான் சொன்ன 250 அதற்கு மேல்வரம்பு மட்டும்தான். வீட்டில் ராத்திரி மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு விசை இழுத்துப் பழகினால் காசும் செலவில்லை, உதையும் இல்லை.

மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ உடுப்பு ஐந்நூறு சதுர அங்குலமும், தலைக்கு அதே நிறத் தொப்பியும் மறக்காதே. வண்டியில் வரும்போது சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருக்கக் கூடாது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், அம்மா எழுதாமல் விடுவேனா.

நீ மலைக்குப் போகும் வாரம் நாங்கள் இருவரும் மிசூலாவிலிருந்து காரில் வந்து பையனைப் பார்த்துக்கொள்கிறோம். எல்க் விழுந்தால் பின்னந்தொடை ஒன்றே ஐம்பது பவுண்டு தேறும், அப்பா சுமக்க வருகிறேன் என்கிறார். அவர் முட்டிக்கு அது ஆகாது, நீ அலுவலக நண்பர்கள் இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வை. தோட்டா வாங்கியதும் பெட்டியில் அச்சடித்திருக்கும் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. லாட் மாறினால் குறியும் கொஞ்சம் மாறும். அதே லாட் இங்கே கிடைத்தால் நானும் இரண்டு பெட்டி வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா