திருக்கேதீச்சரத்தில் எங்கள் ஊர் மடத்தைத் திரும்பக் கட்ட உதவுங்கள்

அன்புக்குரிய ஊரவர்களுக்கும் சிவனடியார்களுக்கும் வணக்கம்.

மாசிச் சிவராத்திரிக்கு மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரம் போனவர்களுக்கு அந்த இரவு தெரியும். கோயிலின் தீர்த்தமான பாலாவியில் முழுகி, குடத்திலும் செம்பிலும் தீர்த்தம் எடுத்து, நீண்ட வரிசையில் நின்று, மகாலிங்கப் பெருமானுக்கு அடியார்கள் தங்கள் கையாலேயே ஊற்றுகிறார்கள். இந்தப் பாக்கியத்துக்காகவே எங்கெங்கோ இருந்து சனம் வருகிறது. நான்கு சாமமும் விழித்திருப்பார்கள், சரி. ஆனால் கைக்குழந்தையைக் கிடத்தவும், வயதான அம்மாமார் கொஞ்சம் கால் நீட்டவும் கூரையுள்ள இடம் போதவில்லை.

முன்பு கோயிலைச் சூழ மடங்கள் பல இருந்தன. எங்கள் ஊர் மடமும் அதில் ஒன்று. 1990இல் போர் அந்தப் பக்கத்தைப் பிடித்த பிறகு பல ஆண்டுகள் கோயிலுக்குப் போகவே வழியில்லை. திரும்பப் போனபோது மடத்தில் மிஞ்சியிருந்தது அத்திவாரமும் கிணறும்தான்.

ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் கோணேச்சரமும் கேதீச்சரமும். அதிலும் சம்பந்தர், சுந்தரர் இருவருடைய பதிகமும் பெற்றது கேதீச்சரம் ஒன்றுதான். கேது பூசித்த தலம் என்பது புராணம். கோயில் இருக்கும் பழைய துறைமுக நகரை, மரக்கலங்கள் மலிந்த கடலையுடைய மாதோட்டம் என்று சுந்தரர் பாடியதற்கோ மண்ணுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது: 1980களில், இன்று மாந்தை எனப்படும் அந்த இடத்தில் நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. சோழர் காலத்தில் இதே மாதோட்டத்தில் தாழி குமரன் என்பவர் இராசராசேச்சரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்து நிலமும் விட்டதாகக் கல்வெட்டு உண்டு.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கேதீச்சரத்தை இடித்தார்கள். அதன் கற்கள்தான் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். அப்புறம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் வெறும் காடு.

1872இல் ஆறுமுக நாவலர், இப்படியொரு தலம் அழிந்து கிடக்கிறதே, சைவர்கள் இதைப் புதுப்பிக்க வேண்டாமா என்று எழுதினார். அவர் 1879இல் மறைந்தார். நிலம் வாங்கியதைக்கூட அவர் காணவில்லை. 1893இல் யாழ்ப்பாணத்துச் சைவர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் காசு சேர்த்து, ஏறக்குறைய 40 ஏக்கரை அரசாங்க ஏலத்தில் எடுத்தார்கள். நம்முடைய கோயில் இருந்த மண்ணை நாமே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு காட்டை வெட்டித் தோண்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் சிறிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்து, சேர் கந்தையா வைத்தியநாதன் முன்நின்று நடத்திய பணி 1976 குடமுழுக்கு வரை வந்தது. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுந்த கோயிலுக்கு 2022 ஜூலையில் குடமுழுக்கானது.

இப்போது கோயிலுக்குக் குறையில்லை. அதை நம்பி வருகிற அடியாருக்குத்தான் குறை. அவர்களைப் பார்ப்பது ஊர்களாகிய எங்கள் கடமை என்றே இந்தக் குழு நினைக்கிறது.

கட்ட நினைப்பது பெரிய மாளிகை அல்ல. படுத்தெழும்ப ஒரு மண்டபம், அன்னதானத்துக்கு ஒரு சமையற்கூடம், தண்ணீர்த் தாங்கி, மலசலகூடங்கள். பெண்களுக்குத் தனியான குளியலறையும் உடைமாற்றும் அறையும் கட்டாயம் வேண்டும். பாலாவியில் முழுகிய ஈர உடையோடு அவர்கள் ஒதுங்க இடம் தேடுவது எங்களுக்கு மிகுந்த மனவருத்தம். பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் வேலையை ஊர் இளைஞர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பணமாகத் தரலாம். சீமெந்து, கம்பி, கூரைத்தகடு என்று பொருளாகவும் தரலாம். மேசன், தச்சு, மின்வேலை தெரிந்தவர்கள் சில நாள் உழைப்பைத் தந்தால் அதுவும் நன்கொடைதான். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் குடும்பமாகச் சேர்ந்து ஒரு அறையின் செலவை ஏற்கலாம். பெற்றோர் நினைவாகக் கொடுக்க விரும்பினால் அவர்கள் பெயரைக் கல்லில் பொறிப்போம். நூறு ரூபாய் தருபவரின் பெயரும் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

ஊரில் இருப்பவர்கள் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதந்தோறும் ஊர்க் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வரும் சிவராத்திரிக்குள் மண்டபத்துக்குக் கூரை போட வேண்டும் என்பதால், தைப்பொங்கலுக்கு முன் உங்கள் பங்கைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மடத் திருப்பணிக் குழுவினர்