தகாகி பேசியபோது அரங்கில் இல்லாதவர்கள்

சர்வதேசக் கணித ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவுக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலகக் கணித மாநாட்டுக்கு ஊர் தேடும்போது அரங்கு, விடுதி, செலவு எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். ஜப்பானியக் கணிதவியலாளர் தகாகி தெய்ஜிக்கு நேர்ந்ததையும் அப்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கிஃபு மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 1875-இல் பிறந்த தகாகியை 1898-இல் ஜப்பான் அரசு ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியது. முதலில் பெர்லின், அப்புறம் கோட்டிங்கன். அங்கிருந்த பெரிய கணிதவியலாளர் ஹில்பர்ட்டை நம்பிப் போனால், அவரோ எண் கோட்பாட்டை விட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தார். 1901-இல் டோக்கியோ திரும்பிய தகாகி 1903-இல் முனைவரானார். மறு ஆண்டே பேராசிரியர். பிறகு பத்தாண்டுகள் பாடநூல் எழுதினாரே தவிர ஆய்வில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைய பதவி உயர்வுக் குழு அவரை என்ன செய்திருக்கும்? சரி, அது வேறு மடலுக்கான விஷயம்.

1914-இல் போர் மூண்டது. ஜெர்மன் நூல்கள் வருவது நின்றது. இனி எதுவானாலும் தானே யோசித்தால்தான் உண்டு என்று உட்கார்ந்தார். ஓர் எண் தொகுதியை (புலத்தை) எப்படியெல்லாம் விரிவாக்கலாம் என்பதை அந்தத் தொகுதியைக் கொண்டே சொல்லும் வகுப்புப் புலக் கோட்பாடு அப்படித்தான் உருவானது. ஹில்பர்ட் குறுகிய ஒரு வகைக்குச் சொன்னதை விரித்து, ஏபெலிய நீட்சிகள் (சமச்சீர்களை எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விளைவு தரும் விரிவாக்கங்கள்) எல்லாமே வகுப்புப் புலங்கள்தான் என்று கண்டார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கோ தப்பு இருக்கிறது என்று தேடித் தேடி அவதிப்பட்டார். தப்பு இல்லை.

1920 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பூர் மாநாட்டில் இதைப் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். போரில் தோற்ற நாட்டார் என்று அவர்களை அழைக்கவே இல்லை. உங்கள் ஒன்றியம் முதன்முதலில் உருவானதும் அதே மாதம், அதே ஊரில்தான். டோக்கியோவில் ஜெர்மன் மொழியில் அச்சான அவருடைய 133 பக்கக் கட்டுரை ஜெர்மனியில் இருந்த கணிதவியலாளர் சீகல் வழியாக இன்னொருவரான ஆர்டினிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே இருந்த ஹாசேயின் விரிவான அறிக்கை வந்தது 1926-இல். ஆர்டின் இந்தக் கோட்பாட்டின் மைய முடிவான தன் பரிமாற்று விதியை நிறுவியது 1927-இல். ஒரே அரங்கில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு சுற்று தேவைப்பட்டிருக்குமா?

1924-இல் டொராண்டோவிலும் அதே விலக்கு. 1928-இல் போலோன்யாவில்தான் அது நீங்கியது. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தின் முதல் தேர்வுக் குழுவில் தகாகியும் இருந்தார் என்பது ஒரு ஆறுதல்.

2022-இல் உக்ரைன் போர் காரணமாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநாட்டை இணையத்துக்கு மாற்றியபோதும், ரஷ்யக் கணிதவியலாளர்கள் தனிநபர்களாகப் பங்கேற்கலாம் என்றீர்கள். அது சரியான முடிவு. இப்போது வாசலை மூடுவது தூதரகங்கள். 2026-க்கு நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் பிலடெல்பியா. அமெரிக்க விசா எல்லா நாட்டாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இனி ஊரை முடிவு செய்யும் முன், விசா பற்றி அந்த நாட்டு அரசிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். வர முடியாதவர் தன் உரையை அதே நேரத்தில் திரை வழியே நிகழ்த்தவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஏற்பாடு செய்யுங்கள். எத்தனை பேருக்கு, எந்தெந்த நாட்டாருக்கு விசா மறுக்கப்பட்டது என்ற கணக்கை மாநாட்டு அறிக்கையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
எண் கோட்பாட்டு வாசகன் ஒருவன்