‘பெண் 3’ யார்? மாமாக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய மாமா, சின்ன மாமா, விழாக் குழுவில் இருந்த மாமா பிள்ளைகள் எல்லோருக்கும்,

வணக்கம். இதைக் குடும்ப குரூப்பில் போட்டால் மேலே நாலு குட் மார்னிங் பூப்படம் வந்து மூடிவிடும். அதனால்தான் கொஞ்சம் நீட்டமாக, எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பம் ஒன்றுகூடும் விழாவுக்கு 112 பேரை, அதுவும் மே மாதத்தில், ஏலகிரிக்கு ஏற்றி, இரண்டு ராத்திரி தங்கவைத்து, யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லாமல் இறக்கியது லேசான வேலை இல்லை. ஆம்பூரிலிருந்து மாஸ்டரையே கூட்டிவந்து சீரகச் சம்பா பிரியாணிக்கு விறகடுப்பில் தம் போட்டது, புங்கனூர் ஏரியில் சின்ன மாமா பெடல் போட்டை மிதிக்க முடியாமல் நடுத்தண்ணியில் நின்றது, இதையெல்லாம் இன்னும் பத்து வருஷம் பேசுவோம்.

பொன்னேரியில் டீ குடித்துவிட்டு வேன் மேலே ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இருக்கிற பெயரைப் படித்துப் பசங்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 14 வளைவு. பாதிக்குப் புலவர்கள் பெயர், பாதிக்குப் பாரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள் பெயர். “பதினாலுல ஔவையார் ஒருத்திதாம்மா பொம்பள” என்றாள் என் மகள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஹால் வாசலில் நம் வம்சாவளியைப் போட்டு வைத்திருந்த பிளெக்ஸைப் பார்த்தபோதுதான் அவள் சொன்னது உறைத்தது. பன்னிரண்டுக்கு எட்டு அடி. ஆலமரம் போட்டு, வேரில் கொள்ளுத் தாத்தா, மேலே கிளை கிளையாக ஆண்கள். போட்டோ, படிப்பு, வேலை எல்லாம் உண்டு. மருமகள்களுக்குக்கூட ‘திருமதி’ போட்டு ஒரு வரி. தாத்தாவின் கிளையில் மாமாக்கள் இருவருக்கும் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்பு வட்டத்துக்குள், ‘பெண் 3’. அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒருத்தி என் அம்மா. அதற்கு முந்தின தலைமுறைக்கும் அதே மாதிரி ஒரு வட்டம்: ‘பெண் 2’. அதில் ஒருவர் ராணிப்பேட்டை ஆயா. வயது 88. அன்றைக்கு வந்தவர்களிலேயே மூத்தவர்.

ஆயா கண்ணாடியைப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பிளெக்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “எம் பேரு எங்கடி கீது?” நான் வட்டத்தைக் காட்டினேன். “ரெண்டுன்னு போட்டுக்கீறானுங்க. நானு ஒண்ணா ரெண்டா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மைக்கில் ‘இவர் அவருக்கு என்ன முறை’ என்று போட்டி வைத்தீர்களே, தகராறு வந்தபோதெல்லாம் தீர்ப்புக்கு எங்கே ஓடினீர்கள்? அந்த ஆயாவின் பிளாஸ்டிக் நாற்காலிக்குத்தான். தலைக்கு 1,800 ரூபாய் வசூலித்தபோதும் பெண் வழி, ஆண் வழி என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர், 9,000 ரூபாய். ரசீதில் என் பெயர் இனிஷியலோடு சரியாக இருந்தது.

போண்டா சாப்பிடும்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது: “பேரப் போட்டா நாளைக்குப் பங்குன்னு வந்து நிப்பாங்க.” யார் சொன்னது என்று எழுத மாட்டேன். ஆனால் பங்கைத் தீர்மானிக்கிறவர் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் இல்லை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பு கல்யாணமானவர்களுக்கு அது இல்லை என்பதால் அம்மா தப்பிவிட்டாள். இல்லை, நீங்கள் தப்பிவிட்டீர்கள். 2005-ல் நாடு முழுக்க வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாத்தா பெரியார் பேச்சைக் கேட்க வாணியம்பாடிக்குச் சைக்கிள் மிதித்துப் போவார் என்று பெரிய மாமா மைக்கில் பெருமையாகச் சொன்னார். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டவர்கள் அந்தச் சுயமரியாதைக்காரர்கள்தான், மாமா.

நிலத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது 1996-லேயே முடிந்த கதை. தாத்தா போன மறுவருஷம் அம்மாவும் குடியாத்தம் பெரியம்மாவும் ரிஜிஸ்டர் ஆபீஸில், பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஓர் ஆரணிப் பட்டு எடுத்துக் கொடுத்தீர்கள். அம்மா அதைப் பாச்சை உருண்டை போட்டு இன்னும் வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் வேண்டியிருந்தது. ‘பெண் 2’ என்று எழுதிக் கொண்டுபோயிருந்தால் பதிந்திருப்பார்களா?

கட்டிக்கொடுத்துவிட்டால் வேறு குடும்பம் என்கிறீர்கள். வட ஆற்காடு ஜில்லாவை 1989-ல் பிரித்தார்கள், திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி, நாம் கூடிய ஏலகிரியே இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆனாலும் சென்னையில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் சின்ன மாமா இன்றைக்கும் ‘நார்த் ஆர்க்காடு’ என்றுதான் சொல்கிறார். பிரிந்துபோன தாலுக்காவுக்கு இருக்கிற இடம் பெரியம்மாவுக்கு இல்லையா?

அடுத்த வருஷம் ஜவ்வாது மலை என்று பேசிக்கொள்கிறீர்கள். கட்டாயம் வருவேன், பணமும் கட்டுவேன். பிளெக்ஸை மட்டும் புதிதாக அடியுங்கள். வேலையை நான் பாதி முடித்துவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்குப் போய், ஆயா சொல்லச் சொல்ல நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதினேன். பெண் வழியில் மட்டும் 74 பேர்.

ஒரு வரிதான் நிரப்பவில்லை. அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த குழந்தை, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே அம்மை கண்டு போனதாமே, அவள் பெயர். ‘பாப்பா’ என்று கூப்பிட்டதுதான் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ராணிப்பேட்டை ஆயா அதற்குள் கல்யாணமாகிப் போய்விட்டார். குடியாத்தம் பெரியம்மாவைக் கேட்கலாம் என்றால், அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பெரிய மாமா, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலாற்றங்கரை வரைக்கும் போவது நீங்கள்தானாம். பிளெக்ஸுக்குக் கணக்குக் கொடுக்கும்போது இரண்டு என்று சொல்லாமல் மூன்று என்று சொன்னதும் நீங்கள்தான். பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள், நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
‘பெண் 3’-ல் இரண்டாமவளின் மகள்,
வேலூர்