இரும்புச் சட்டைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரோமப் படையைப் பற்றிய எங்கள் படநூல் ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல நான்கு வரிக்குத்தான் இடம் கிடைத்தது. நீங்கள் செய்ததற்கு அது காணாது என்பதால் இந்த மடல்.

இங்கிலாந்தின் வடக்கே, ரோமர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர்ப் பக்கம், வார இறுதிகளில் ரோமப் படைவீரர்களாக உடுத்திக்கொண்டு மழையில் நிற்கும் நண்பர்களே, முதல் நன்றி உங்களுக்கு. உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. நியூகாசிலில் இருக்கும் என் மைத்துனி வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். கேலி செய்திருக்கும் இடங்களை அவள் விட்டுவிட மாட்டாள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஓவியரை வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. செலவும் குறைவு. ஆனால் ஓவியத்தில் வாள் தானாகவே உறையிலிருந்து வந்துவிடுகிறது. சாதாரண ரோம வீரன் வாளை வலது இடுப்பில் கட்டுவான், வலது கையாலேயே உருவுவான். எழுத்தில் படித்தபோது இது எப்படி முடியும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உங்கள் குழுவின் மூத்தவர் கேடயத்தை இடது கையில் பிடித்தபடியே செய்து காட்டினார். வலது கையைத் திருப்பி, கட்டைவிரல் தரையைப் பார்க்கப் பிடியைப் பற்றினார். நேர்மேலே இழுத்து, முன்னால் தள்ளினார். அவ்வளவுதான். அலகு குட்டை என்பதால் கேடயத்தில் இடிக்கவில்லை, பக்கத்தில் நிற்பவரையும் கீறவில்லை. அந்த அசைவை ஐந்து படங்களாக அடுக்கிப் போட்டிருக்கிறோம். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

தகட்டுக் கவசம் அணிவிக்கும் பகுதியையும் சொல்ல வேண்டும். 1964-இல், அந்தச் சுவருக்குப் பக்கத்து ஊரான கார்பிரிட்ஜில் மண்ணுக்குள் கிடைத்த மரப்பெட்டியில் இந்தக் கவசத்தின் துண்டுகள் இருந்தன. உள்ளே தகடுகளைக் கோத்திருந்த தோல்வார்கள் மக்கிப் போயிருந்தன. லண்டன் டவரின் ஆயுதச்சாலையைச் சேர்ந்த ரசல் ராபின்சன் அந்தத் துண்டுகளை வைத்து, இது எப்படிப் பூட்டப்பட்டிருக்கும் என்று கண்டுபிடித்தார். இன்று நீங்கள் போட்டுக்கொள்வது அந்த வழியில் வந்ததுதான். அதை ஒருவர் தனியாக மாட்டிக்கொள்வதற்குள் பொழுது விடிந்துவிடும். இன்னொருவர் பின்னால் நின்று தூக்கிப் பிடித்தால் சட்டென்று முடிகிறது. கழுத்தில் ஏன் அந்தத் துணி சுற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் பதில் சொல்லாமல் துணியை விலக்கி, தகட்டு விளிம்பு உரசிச் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். படம் எடுத்தோம், விளக்கம் தேவைப்படவில்லை. (உங்களில் பலருடைய தலைக்கவசம் வட இந்தியப் பட்டறைகளில் அடித்து வந்தது என்று தெரிந்தபோது, என்னைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.)

எறிவேல் வீசியவருக்குத் தனி நன்றி. கி.மு. 58-இல் ஹெல்வேத்தியர் என்ற இனக்குழுவோடு நடந்த சண்டையில், எதிரிகளின் கேடயங்களில் வேல்கள் குத்தி வளைந்து நின்றதால், பிடுங்க முடியாமல் பலர் கேடயத்தையே எறிந்துவிட்டுப் போரிட்டார்கள் என்று சீசர் எழுதுகிறார். நீங்கள் வீசிய வேல் பலகையைத் துளைத்து நின்ற பிறகு அந்தக் கேடயத்தை என் கையில் கொடுத்தீர்கள். வேலின் மரக்காம்பு தரையில் இழுபட, கேடயம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மணிக்கட்டை முறுக்கியது. சீசரை நம்புவதற்கு எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய உதவி ஒன்று உண்டு: நீங்கள் எங்களைத் தடுத்த இடங்கள். சிவப்பு உடுப்புப் படத்துக்குக் கீழே "இது ஒரு ஊகம், சாயம் போடாத வெளிர் நிறமாகவும் இருந்திருக்கலாம்" என்று போடச் சொன்னது நீங்கள். போர்க்களக் காட்சி வேண்டாம் என்றதும் நீங்கள்தான். நூற்றுவர் படை என்று பெயர் இருந்தாலும் அதில் சுமார் 80 பேர். நீங்கள் பதினைந்து பேர்கூட இல்லை, பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரி யார் என்றே தெரியாதவர்கள். ஒரு கூடாரத்தில் சேர்ந்து தங்கும் எட்டுப் பேர் என்றால் சரியாக இருக்கும் என்றீர்கள். அப்படியே எடுத்தோம். அந்த எட்டுப் பேரில் ஒருவர் கல் திரிகையில் மாவு அரைக்க, மற்றவர்கள் சும்மா நின்று குறை சொன்னது நடிப்பு மாதிரி தெரியவில்லை.

மழை வலுத்தபோது உள்ளே இடம் கொடுத்த அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் நன்றி. ஆணி அடித்த செருப்போடு வழுவழுப்பான தரையில் ஏறக் கூடாது என்று சொல்லி, ரப்பர் பாய் விரித்தீர்கள். உங்கள் கவலை தரையைப் பற்றி. எனக்கு, அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிய ரோம நூற்றுவர் தலைவன் ஜூலியானுஸ் நினைவுக்கு வந்தான். கி.பி. 70-இல் எருசலேம் கோவிலின் கல்தளத்தில் எதிரிகளைத் துரத்திக்கொண்டு ஓடியவன், இதே ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்துதான் கொல்லப்பட்டான்.

அப்புறம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பின்னணியில் தெரிந்த கார்களையும் மின்கம்பங்களையும் அழித்துக் கொடுத்த தம்பிக்கும், பக்கம் வடிவமைத்தவருக்கும், மெய்ப்புப் பார்த்த ஆசிரியை அக்காவுக்கும் நன்றி.

ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பியாயிற்று. அடுத்த புத்தகம் கிரேக்கர்களின் மூவரிசைத் துடுப்புப் போர்க்கப்பலைப் பற்றியது. 1987-இல் கிரேக்கத்தில் அப்படியொரு கப்பலைக் கட்டி, தன்னார்வலர்களை வைத்தே கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். துடுப்புப் போட மட்டும் 170 பேர் வேண்டுமாம். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.