உகாண்டா ஊழியத்துக்குப் புறப்படும் சபைகளுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினாலே தென்மாவட்டச் சபைகளில் வெளிநாட்டு ஊழியப் பயண அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். உகாண்டா கிராமங்களுக்குப் போகும் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் நாங்கள். பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது நடைமுறைத் தயாரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே நமக்கு விடுமுறை; தெற்கு உகாண்டாவுக்கு அது மழைக்காலம். செம்மண் சாலையில் வண்டி புதையும், கொசு பெருகும், ஊர் மக்களும் வயலில் இருப்பார்கள். ஜனவரி அல்லது ஜூலை மேல்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிட வேண்டும். சான்று அங்கே இறங்கவும் தேவை, இங்கே திரும்பவும் தேவை. இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும், தெற்கே தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

மலேரியாவில்தான் பெரிய தவறு நடக்கிறது. நமக்குப் பழகிய குளோரோகுவின் மாத்திரை அங்குள்ள ஃபால்சிபேரம் வகை மலேரியாக் கிருமியிடம் எடுபடாது. டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதினால் தினம் 100 மில்லிகிராம், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். விமானம் இறங்கிய மறுநாளே நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் தங்கிய கிருமி இரத்தத்துக்கு வரும் நேரம் அதுதான். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் சொல் 'உகாண்டா'. சொல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்து இரண்டு நாள் போய்விடும். ஃபால்சிபேரத்துக்கு அந்த இரண்டு நாள் போதும்.

ஞானஸ்நானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விக்டோரியா ஏரிக்கரையில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நாணல் அடர்ந்த ஆழமில்லாத கரையில்தான் நத்தை இருக்கும். அதிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழு சில நிமிடங்களிலேயே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலிக்காது, தெரியாது. பல வாரம் கழித்துத்தான் காய்ச்சலும் வயிற்றுத் தொந்தரவும் வரும். தொட்டி கட்டி, நத்தை புகாதபடி வடிகட்டித் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் மூடிவைத்துவிட்டால் புழு செத்துவிடும். அந்தத் தண்ணீரில் கொடுக்கும் ஞானஸ்நானம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஏரியில் இறங்கியே ஆக வேண்டியிருந்தால், 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிராசிகுவாண்டல் மாத்திரையில் குணமாகும்.

மருத்துவ முகாம் நடத்துவதென்றால் டாக்டரும் நர்ஸும் அந்நாட்டுக் கவுன்சில்களில் தற்காலிகப் பதிவு பெற்றாக வேண்டும். இங்கிருந்து பெட்டி பெட்டியாக மருந்து கொண்டுபோகாதீர்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையத்திடம் பட்டியல் வாங்கி, கம்பாலாவில் வாங்கிக் கொடுப்பதே சரி.

என்ன வேலை செய்வது என்பதை அந்த ஊரே சொல்லட்டும். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்று கொடுக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவது நட்பாகாது.

பல ஊர்களில் கேட்டால் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். அங்கே 'யூ-2' என்று அழைக்கும் அடிபம்பு வேறொன்றுமில்லை, நம்ம ஊர் இந்தியா மார்க் 2. 1970-களில் யூனிசெஃப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்த அதே பம்பு. நம்மவர்களில் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பம்பை அரை மணி நேரம் தொடாமல் விட்டு அடித்துப் பாருங்கள். ஐந்து முறை அடிப்பதற்குள் தண்ணீர் வராவிட்டால் பைப்பிலோ அடி வால்விலோ கசிவு. நிமிடத்துக்கு 40 முறை அடித்தால் ஏறத்தாழ 15 லிட்டர் வர வேண்டும். அவர்களுடைய 20 லிட்டர் மஞ்சள் கேனில் முக்கால் பங்கு. அதைவிட மிகவும் குறைந்தால் பெரும்பாலும் பைப்பின் அடியில் உள்ள சிலிண்டரில் வாசர் தேய்ந்திருக்கும். காலையில் முதல் தண்ணீர் சிவப்பாக வந்து, அடிக்க அடிக்கத் தெளிந்தால் பைப் துருப்பிடிக்கிறது என்று பொருள். தெளியவே இல்லையென்றால் இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது. அமிலத்தன்மை உள்ள நீரில், அதாவது பிஎச் 6.5-க்குக் கீழே, ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) தாக்குப்பிடிக்காது. அங்கே மறுபடியும் ஜிஐ பைப்பே போட்டால் காணிக்கைப் பணம் துருவாகப் போகும். சிவந்த தண்ணீரில் துணி கறைபடும், டீ கறுக்கும். பெண்கள் சதுப்பு ஊற்றுக்கே திரும்பிவிடுவார்கள்.

மார்க் 2-வில் வாசர் மாற்றவும் பைப் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் ஆழமென்றால் மூன்று மீட்டர் பைப் பத்து. பைப் எடை மட்டுமே 100 கிலோவுக்குப் பக்கம். கிளாம்ப் இல்லாமல் கையால் தூக்கினால் வழுக்கி உள்ளே விழும். எடுக்க முடியாமல் போனால் அந்தப் போர்வெல் அதோடு போயிற்று. அதனால் உள்ளூர் பம்பு மெக்கானிக் முன்னால் நிற்க, நம்மவர்கள் அவருக்குக் கை கொடுக்கட்டும். அவருக்குரிய கூலியை, பம்புக்காக வீட்டுக்கு வீடு வசூலிக்கும் ஊர்ப் பம்புக் குழு வழியாகவே கொடுங்கள். நாம் இலவசமாகச் செய்துவிட்டு வந்தால் அடுத்த முறை அவரைக் கூப்பிட ஆள் இருக்காது, அந்த வசூலும் நின்றுபோகும்.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த ஊர்ப் போதகருக்கு எழுதிக் கேளுங்கள்: போர்வெல் எத்தனை மீட்டர், பைப் ஜிஐயா துருப்பிடிக்காத ஸ்டீலா, வாசர் கடைசியாக மாற்றியது எப்போது, மெக்கானிக் எந்த ஊர்க்காரர். பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

இப்படிக்கு,
ஊழியக் குழுப் பயிற்சியாளர்கள்,
பாளையங்கோட்டை.