மண் வீடு வாங்கப்போகும் மகளுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்விக்கு,

அமெரிக்காவில் உங்கள் சாண்டா ஃபே ஊரில் பழைய அடோபி வீடு, அதாவது மண் கல் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மண் சுவரை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம் கண்ணு. ஆனால் பார்த்து வாங்கு.

தருமபுரியில் உன் தாத்தா வீட்டுச் சுவரும் அதே வகைதான். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் தண்ணீர் விட்டு மிதித்து, அச்சில் அறுத்து, சூளைக்குப் போகாமல் வெயிலிலேயே காய்ந்த கல். களி கூடினால் வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். வெடிப்பு விடாமல் இழுத்துப் பிடிப்பது வைக்கோல்.

நான் இங்கே கட்டிய மண் கல் வீடுகள் வேறு மாதிரி. இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா குழு வளர்த்த முறை அது. கடைக்கால் தோண்டிய செம்மண்ணையே சலித்து, நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்திக் கல் எடுப்போம். மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருப்போம். அது மழையைத் தாங்கும். நீ பார்க்கும் பழைய வீட்டுக் கல்லில் சிமெண்ட் இருக்காது, தண்ணீர் நின்றால் கரையும்.

அதனால் போனதும் சுவரின் அடியைப் பார். உப்புப் பூத்திருக்கிறதா? தரையோரம் மண் கரைந்து சுவர் உள்வாங்கியிருக்கிறதா? உங்கள் ஊரில் பனி வேறு கொட்டும், அது சுவரை ஒட்டிக் குவிந்து உருகினால் அடி ஊறிப்போகும். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியே சுவரைத் தொடாமல் தள்ளி விழுகிறதா என்றும் பார்.

அப்புறம் பூச்சு. வெளியே சிமெண்ட் பூசிப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு. வெடிப்பு வழியாக உள்ளே போன ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியேற முடியாமல், வெளியே தெரியாமலே சுவரைக் கெடுத்துவிடும். உங்கள் பக்கத்து ரான்சோஸ் தே தாவோஸ் தேவாலயத்துக்கு இதுதான் நடந்தது. 1967-ல் சிமெண்ட் பூசினார்கள், சுவர் ஊறியது. 1979-ல் அதை உரித்துவிட்டு மறுபடி மண்ணே பூசினார்கள். இன்றும் ஊர்மக்கள் கூடி வருஷா வருஷம் பூசுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது பொங்கலுக்கு முன் உன் பாட்டி சுவர் மெழுகியதுதான் ஞாபகம் வந்தது. மண் வீட்டுக்கு அந்தக் கவனிப்பு வேண்டும். உங்கள் இருவருக்கும் அதற்கு நேரம் இருக்குமா என்று மாப்பிள்ளையுடன் பேசிக்கொள்.

சுவர்களின் தலையைச் சுற்றிக் கட்டும் பெல்ட், அதாவது எல்லாச் சுவரையும் ஒன்றாகப் பிடிக்கும் கான்கிரீட் அல்லது மர உத்தரம், இருக்கிறதா என்று கட்டாயம் கேள். 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் விழுந்தபோது, பிடிப்பில்லாத மண் சுவர்களும் கனத்த கூரைகளும்தான் பல ஆயிரம் பேரை அமுக்கின. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

இதெல்லாம் சரியாக இருந்தால் யோசிக்காதே. தடித்த மண் சுவர் பகல் சூட்டை உள்ளே விட நெடுநேரம் பிடிக்கும். பகலில் வெயில், இரவில் குளிர் என்றிருக்கும் உங்கள் ஊருக்கு அதைவிட நல்ல சுவரை நான் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போடுமுன் நான்கு மூலையிலும் சுவரடியைப் படம் எடுத்து அனுப்பு. மழை பெய்த மறுநாள் எடுத்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு உன் குரலைக் கேட்கவேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா